பாம்பு போன வழி

பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் ஊரை முதலில் கண்டுகொண்டது மூக்குத்தான். எங்கோ ஓர் ஆலைக் கொட்டகையில் கருப்பஞ்சாறு கொதித்துப் பாகாகிக் கொண்டிருந்தது. அந்த வாசனையோடு, சற்றுத் தள்ளி எண்ணெயில் பொரிகிற மீனின் வாசனையும், அதற்கும் அப்பாலிருந்து ஈர மண்ணின் வாசனையும் கலந்து வந்தன. ஜேடர்பாளையத்தின் வரவு செலவுக் கணக்கு முழுவதையும் இந்த மூன்று வாசனைகளில் எழுதிவிடலாம் போலிருந்தது.

நான் போனது அணைக்கட்டைப் பார்க்க. அணை என்றவுடன் மேட்டூரையோ பவானிசாகரையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றந்தான். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வான ஒரு கட்டுமானம். அதன் மேல் வழிந்து விழும் தண்ணீர். அதிலே குளிக்கும் கூட்டம். பக்கத்தில் ஒரு பூங்கா. கரையோரம் மீன் வறுக்கும் கடைகள். ஞாயிற்றுக்கிழமையானால் ஈரோட்டிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். கரையை ஒட்டி இடது பக்கமாக ஒரு வாய்க்கால் சத்தமில்லாமல் பிரிந்து போவதைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. அந்த வாய்க்காலுக்காகத்தான் அணையே ஏற்பட்டது. அதன் பெயர் ராஜவாய்க்கால்.

நம்முடைய கதைகளில் காவேரி என்றால் தஞ்சாவூர்தான். படித்துறை, தென்னந்தோப்பு, வெற்றிலைச் செல்லம், சங்கீதம். எழுதுகிறவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே ஆறு வயலோடு வயலாக, வீட்டுக் கொல்லை வரைக்கும் வந்துவிடுகிறது. கொங்கு நாட்டுக் காவேரி அப்படி இல்லை. மேட்டூரிலிருந்து தெற்கே இறங்கி, பவானியையும் ஈரோட்டையும் தாண்டி, கொடுமுடியில் கிழக்கே திரும்புகிற வரையில் அது பெரும்பாலும் பள்ளத்திலேயே ஓடுகிறது. நிலம் மேலே, ஆறு கீழே. கண்ணுக்கு எட்டுகிற தண்ணீர் காட்டுக்கு எட்டாது. இந்தப் பக்கத்தில் 'காடு' என்றால் வனம் அல்ல, மழையை நம்பி விதைக்கிற புன்செய். சோளமும் ஆமணக்கும் கடலையும் விளைகிற அந்தக் காட்டில் நின்றுகொண்டு, எங்கோ தஞ்சாவூருக்குப் போகிற தண்ணீரை எத்தனை தலைமுறை பார்த்துக்கொண்டே இருந்திருக்கும்! கொடுமுடித் திருப்பத்துக்குச் சற்று மேலே, இடது கரையில் இருக்கிறது ஜேடர்பாளையம்.

பள்ளத்து ஆற்றை மேட்டுக்கு ஏற்றுவது எப்படி? ஏற்ற முடியாது. ஆனால் ஆற்றை ஏமாற்றலாம். ஆறு மைலுக்கு இத்தனை அடி என்று சரிந்து இறங்கிக்கொண்டே போகிறது. மேலேயே ஓர் இடத்தில் அதை மறித்து, ஒரு கிளையைப் பிரித்து, ஆறு இறங்குகிற அவசரத்தில் அது இறங்கிவிடாமல் கரையோர மேட்டைப் பிடித்தபடி மெதுவாக நடத்திக்கொண்டு போனால், பத்து மைல் தாண்டுவதற்குள் வாய்க்கால் உயரத்தில் இருக்கும், ஆறு பள்ளத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற நிலமெல்லாம் வயல். சொல்வதற்கு இவ்வளவுதான். சரிவு சற்று அதிகமானால் வாய்க்கால் கரையை அரித்துக்கொண்டு ஆற்றிலேயே போய் விழும். சற்றுக் குறைந்தால் வண்டல் தட்டித் தூர்ந்து போகும். மட்டம் பார்க்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில் இந்தச் 'சற்று' எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வெட்டியவர் யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. அல்லாள இளைய நாயகர் என்று சொல்கிறார்கள். பரமத்திப் பக்கத்தை ஆண்ட பாளையக்காரர். மதுரை நாயக்கர் காலத்தவர். பதினேழாம் நூற்றாண்டு என்பது வழிவழியாக வரும் செய்தி. சர்க்கார் அவருக்கு ஜேடர்பாளையத்திலேயே சிலை வைத்திருக்கிறது. ராஜவாய்க்காலும், அதோடு சேர்த்துச் சொல்லும் கொமராபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களுமாக இன்றைக்கு ஏறக்குறைய 16,000 ஏக்கருக்குத் தண்ணீர் போகிறது. வாழை, கரும்பு, மஞ்சள், கோரை, எல்லாவற்றுக்கும் மேலாக வெற்றிலை. ஒரு மனிதனின் பெயர் முந்நூறு நானூறு வருஷம் நிற்பதற்குச் சிலை ஒன்றும் அவசியமில்லை; பாய்கிற தண்ணீர் போதும்.

ஊரின் பெயரைப் பற்றியும் எனக்கு ஒரு ஊகம் உண்டு. கன்னடத்தில் 'ஜேடர்' என்றால் நெசவாளர். ஜேடர தாசிமய்யா என்று அங்கே வசனங்கள் பாடிய ஒரு பெரியவரே இருந்திருக்கிறார்; அவரும் தறி நெய்தவர்தான். தமிழில் 'சேடர்' என்று வழங்குவதும் இதே சொல்லாக இருக்கலாம். அப்படியானால் இது நெசவாளர் குடியேறிய பாளையம். ஜேட என்ற கன்னடச் சொல்லுக்குச் சிலந்தி என்றும் பொருள் உண்டு. இழை இழையாக வாய்க்கால்கள் பிரிந்து போகிற ஊருக்கு அந்தப் பெயர் பொருந்தத்தான் பொருந்துகிறது; ஆனால் பொருந்துவதெல்லாம் சரித்திரம் ஆகிவிடாது. ஊகத்தை ஊகமாகவே விட்டு விடுகிறேன்.

மட்டத்தைக் கண்டுபிடித்த கதைக்கு வருவோம். இதற்கு அக்கரைக்குப் போக வேண்டும். ஆற்றின் வலது கரையில் ஈரோட்டுப் பக்கம் கலிங்கராயன் வாய்க்கால் ஓடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டியது. பவானி நதி காவேரியில் கலப்பதற்குச் சற்று முன்பே அணை கட்டிப் பிரித்து, ஐம்பத்தாறு மைல் தூரம் வளைந்து நெளிந்து போய் நொய்யல் ஆற்றில் முடிகிறது. நேராகப் போனால் அவ்வளவு தூரம் இராது என்பார்கள். 1800-ஆம் வருஷம், திப்பு சுல்தான் விழுந்த மறு வருஷம், கம்பெனி சர்க்கார் அனுப்பி இந்தப் பக்கமெல்லாம் சுற்றிய பிரான்ஸிஸ் புக்கானன் என்ற டாக்டர் ஈரோடு, கொடுமுடி, புகளூர், கரூர் என்று அந்தக் கரையோடேயே வந்தார். வாய்க்காலைப் பற்றியும் கலிங்கராயனைப் பற்றியும் தம் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

ஆனால் ஊர் சொல்லும் கதை வேறு. வாய்க்கால் வெட்ட வழி தெரியாமல் கலிங்கராயன் திகைத்து நின்றபோது ஒரு பாம்பு வந்ததாம். ஆற்றுக்குக் குறுக்கே படுத்து அணைக்கு இடம் காட்டிற்றாம். பிறகு கரையேறி ஊர்ந்து போயிற்றாம். அது போன தடத்திலேயே வெட்டினார்கள். அதனால்தான் வாய்க்கால் கோணல் கோணலாகப் போகிறது.

படித்தவர்கள் இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுப் புன்னகை செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். பிறகு ஒரு நாள் ஸர்வே படம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. சம உயரமுள்ள இடங்களையெல்லாம் சேர்த்து ஒரு கோடு போடுகிறார்களே, அந்தக் கோட்டைப் பார்த்தேன். மேட்டை அணைத்து வளைந்து, பள்ளத்தைக் கண்டால் உள்வாங்கி, ஓரிடத்திலும் நேராக நிற்காமல்... பாம்பு போவது போலவே போயிற்று! பள்ளத்தில் விழாமலும் மேட்டில் ஏறாமலும் நிலத்தின் முதுகைத் தடவிக்கொண்டே போகிற வழியைப் படம் போட்டுக் காட்டத் தெரியாதவன், வேறு எந்த மாதிரிச் சொல்லியிருப்பான்? நிலத்தை வயிற்றால் அளக்கிற ஜந்து ஒன்றுதானே உண்டு? இஞ்சினீயர் கோட்டைச் சொல்கிறான். ஊர் பாம்பைச் சொல்கிறது. நிலம் ஒன்றுதான்.

இது எழுத்தாளன் கற்பனை என்று தள்ளுகிறவர்களுக்கு ஒரு சாட்சி கூப்பிடுகிறேன். கொள்ளிடத்துக்குக் குறுக்கே 1836-ல் மேலணை கட்டத் தொடங்கிய ஆர்தர் காட்டன் சாமானியப்பட்ட இஞ்சினீயர் அல்ல. ஆழம் காண முடியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டிய பழைய தமிழர்களிடமிருந்துதான் தாங்கள் கற்றுக் கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். மணலில் கல்லைப் போடு, புதையும். மறுபடி போடு, மறுபடி புதையும். இனிமேல் புதைய மாட்டேன் என்று அது நிற்கிற இடத்தில் கட்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காத பாடம். ஆற்றில் இறங்கி நின்று, காலுக்கு அடியில் மணல் ஓடுவதை அறிந்தவன் கண்டது.

இந்தக் கரையில் கல்லணை மாதிரி நிலையான கட்டடம் வருவதற்கு முன்னால் இருந்தது கொரம்பு. கல், மணல், மரக்கிளை, தழை எல்லாம் போட்டு ஆற்றில் சாய்வாக ஒரு கரை எழுப்பித் தண்ணீரை வாய்க்கால் வாய்க்குத் திருப்புவார்கள். வெள்ளம் வந்தால் அது போய்விடும். போக வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டுவதே; வெள்ளத்தை எதிர்த்து நின்றால் வாய்க்காலே உடைந்துவிடும் அல்லவா? வெள்ளம் வடிந்ததும் ஊர் கூடி மறுபடி போடும். குடிமராமத்து என்று பெயர். வருஷா வருஷம் ஆற்றைப் புதிதாகப் படிக்க வேண்டும்: போன வருஷம் மணல் எங்கே இருந்தது, இந்த வருஷம் எங்கே ஒதுங்கியிருக்கிறது, நீரோட்டம் எந்தக் கரையை உரசுகிறது என்று. துரைமார்கள் எழுதிய ஜில்லாப் புத்தகங்களில்கூட 'கொரம்பு' என்ற சொல் அப்படியே ஏறியிருக்கிறது. இங்கிலீஷில் அதற்குச் சொல் இல்லை போலும்.

ஜில்லா என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த நாமக்கல் தாலுகா 1910 வரையில் திருச்சினாப்பள்ளி ஜில்லாவில் இருந்தது. பிறகு சேலத்துக்குப் போயிற்று. 1997-ல் நாமக்கல்லே தனி மாவட்டமாயிற்று. காகிதத்தில் ஊர் மூன்று இடம் மாறிவிட்டது. வாய்க்கால் ஓர் அங்குலம் நகரவில்லை.

மதகடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. தோளில் துண்டு, மடியில் வெற்றிலைப் பொட்டலம். நான் வாய்க்காலையே வெகு நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, எந்தூருங்க? ஏதாச்சும் உளுந்து போச்சுங்களா தண்ணிக்குள்ள?" என்று கேட்டார்.

ஒன்றும் விழவில்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன். சும்மா பார்க்கிற ஆள் தண்ணீரைப் பார்க்க மாட்டான், மீனைத்தான் பார்ப்பான் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். வெற்றிலை கொடுத்தார். அவர் கொடிக்காலில் பறித்ததுதான். கற்பூரியும் வெள்ளைக்கொடியும் இந்தப் பக்கத்து ரகங்கள். வேலூர்ச் சந்தையில் கவுளிக் கணக்கில் ஏலம் போகின்றன. நூறு இலை ஒரு கவுளி. நூற்று நாலு கவுளி ஒரு சுமை. பரமத்தி வேலூர் வெற்றிலை வடக்கே வெகு தூரம் போகிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

வெற்றிலையைப் போல் அடம் பிடிக்கிற பயிர் வேறு உண்டோ என்னவோ! முதலில் அகத்தியை விதைத்து வளர்க்க வேண்டும். அதன் நிழலில் கொடியை ஊன்றி, அதன்மேல் ஏற்றிக் கட்ட வேண்டும். கொடி உயர்ந்துவிட்டால் இறக்கிச் சுருட்டி மறுபடி கட்ட வேண்டும். வேர் எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும். ஆனால் தண்ணீரில் நிற்கக் கூடாது. நின்றால் அழுகிவிடும். காய்ந்தால் இலை சுருங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நூலிழைதான் கொடிக்கால்காரனின் ஜீவனம். "கையை மண்ணுல வெச்சுப் பாக்கோணுங்க. மண்ணு கையில ஒட்டோணும், கையை நனைக்கப்படாது" என்றார் பெரியவர். இதைவிடத் துல்லியமாக ஈரத்துக்கு இலக்கணம் சொன்ன விவசாயப் புத்தகத்தை நான் படித்ததில்லை.

அவருடைய 'அப்பாரு', அதாவது தகப்பனாரின் தகப்பனார், 1924-ஆம் வருஷத்து வெள்ளத்தைப் பார்த்தவர். அந்த ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் கொட்டித் தீர்த்தது. மலையாளத்தில் கொல்லம் ஆண்டு 1099-ல் வந்ததால் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். காவேரியில் விநாடிக்கு நாலரை லட்சம் கன அடிக்கு மேல் வந்ததாகக் கணக்கிட்டார்கள். மேட்டூர் அணையின் உபரி நீர்ப் போக்கியை அந்த அளவை மனத்தில் வைத்துத்தான் கட்டினார்கள். ஜேடர்பாளையத்துக் கணக்கு வேறு விதமாக இருந்தது.

"எங்க அப்பாரு ஊட்டுச் சுவத்துல கரித்துண்டுல ஒரு கோடு போட்டு வெச்சிருந்தாருங்க. தண்ணி அது மட்டும் வந்துச்சாம். நான் சின்னப் பையனா இருக்கையில அந்தக் கோடு என் தலைக்கு மேல இருக்கும். வளர வளர அதோட நின்னு அளந்து பாப்போம். எனக்குத் தோள் வரைக்கும் வந்ததுக்கு அப்புறம் வெள்ளத்து மேல பயம் போயிருச்சு."

"கோடு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஊட்டை இடிச்சுக் கட்டிப்போட்டாங்களே பசங்க. மெத்தை ஊடு."

எகிப்து தேசத்தில் கெய்ரோ நகரத்துக்கு அருகே ரோடா என்ற தீவில் கல்தூண் ஒன்று உண்டு. நைல் நதி ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதற்காகக் கி.பி. 861-ல் எழுப்பியது, தூணில் முழக் கணக்கில் கோடுகள். வெள்ளம் இந்தக் கோட்டைத் தொட்டால் விளைச்சல், அந்தக் கோட்டைத் தொடாவிட்டால் பஞ்சம்; வரி போடுவதுகூட அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். 1970-ல் அஸ்வான் பெரிய அணை முடிந்ததும் நைல் ஏறுவதை நிறுத்திவிட்டது. தூண் நிற்கிறது, பிரயாணிகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் பெரியவர் வீட்டுக் கரிக்கோட்டுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

நமக்கு அஸ்வானுக்கு முன்பே மேட்டூர் வந்துவிட்டது. 1925-ல் வேலை தொடங்கி, 1934-ஆம் வருஷம் ஆகஸ்ட் 21-ஆம் தேதி திறந்தார்கள். நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதற்கு முன்னால் காவேரிக்குக் காலண்டர் குடகு மலையில் இருந்தது. அங்கே பருவமழை பிடித்தால் இங்கே ஆடியில் நுங்கும் நுரையுமாகப் புதுத் தண்ணீர் வரும். பதினெட்டாம் பெருக்கன்று பெண்கள் ஆற்றங்கரையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு, முளைப்பாரியைத் தண்ணீரில் விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, கட்டுச்சோறு சாப்பிட்டு வருவார்கள். இதெல்லாம் பக்தி என்று நாம் எழுதுகிறோம். பக்திதான். ஆனால் ஊர் முழுவதும் ஒரே நாளில் ஆற்றுக்குப் போய், தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்திருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்துவிட்டு வருகிற ஏற்பாடு அது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மறுநாளே விதைப்புப் பேச்சு எழுந்துவிடும் அல்லவா?

மேட்டூருக்குப் பிறகு ஆற்றின் காலண்டர் குடகிலிருந்து உத்தரவுக் காகிதத்துக்கு மாறிவிட்டது. டெல்டாவுக்கு ஜூன் 12-ல் திறப்பு, ஜனவரி 28-ல் அடைப்பு என்பது வழக்கமான கெடு. மழை தவறினால் கெடுவும் தவறும். அணை வற்றிக் கிடந்த சில வருஷங்களில் ஆடிப் பதினெட்டுக்கென்றே கொஞ்சம் தண்ணீர் திறந்து விட்டார்கள். பண்டிகைக்காக ஆறு வந்தது! ஆறு வந்ததற்காகப் பண்டிகை என்பது தலைகீழாகிவிட்டது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மேட்டூர் இல்லாவிட்டால் 1924 போல் இன்னும் எத்தனை வெள்ளம் வந்திருக்கும், எத்தனை வருஷம் வாய்க்கால் வாயில் மணல் பறந்திருக்கும் என்பது பெரியவருக்கும் தெரியும். "மேட்டூருக்குக் கும்புடு போடோணுங்க" என்று அவரே சொன்னார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஆத்தைப் பாத்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியறதில்லைங்க இப்ப" என்றார்.

அது எப்படி என்று கேட்டேன். முன்பெல்லாம் தண்ணீர் கலங்கி, செம்மண் நிறம் கண்டு, குச்சியும் சருகும் நுரையும் மிதந்து வந்தால், பின்னாலேயே பெருக்கு வருகிறது என்று அர்த்தம். ஆட்டை மேட்டுக்கு ஓட்டிவிடுவார்களாம். பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவார்களாம். இப்போது அணையில் மண் படிந்து தெளிந்த தண்ணீர்தான் வருகிறது. பெருக்கு வந்தாலும் சாதுவாக வரும். அதுவுமல்லாமல் கொஞ்சம் மேலே சோழசிராமணியில் மின்சாரத்துக்காகக் கதவணை கட்டியிருக்கிறது. "காலையில ஒரு மட்டம், சாயங்காலம் ஒரு மட்டம். கரண்டு மாதிரிங்க. வரும், போகும்." 2018-லும் 2022-லும் மேட்டூரிலிருந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி திறந்தபோது எச்சரிக்கை போனில் வந்தது, ஒலிபெருக்கியில் வந்தது. ஆற்றில் வரவில்லை.

அனுபவம் என்ற சொல்லை நாம் மிகவும் மரியாதையாக உபயோகிக்கிறோம். நாற்பது வருஷ அனுபவம், மூன்று தலைமுறை அனுபவம் என்கிறோம். அந்த மரியாதை, அனுபவித்த பொருள் மாறாமல் இருக்கும் வரைக்கும்தான். பெரியவர் இன்னொன்று சொன்னார். அணைக்குக் கீழே பல இடங்களில் முழங்கால் தண்ணீரில் நடந்தே ஆற்றைக் கடக்கிற துறைகள் அவருக்குத் தெரியும். காவேரியிலிருந்து லாரி லாரியாக மணல் போன பிறகு எந்தத் துறையிலும் அவர் காலை வைப்பதில்லை. மேலே பார்த்தால் அதே தண்ணீர். கீழே ஆள் உயரக் குழி. தெரியாத இடத்தில் இறங்குகிறவன் பயந்து இறங்குவான். தெரிந்த இடம் என்று இறங்குகிறவன்தான் போய்விடுகிறான். வெளியூரிலிருந்து குளிக்க வருகிற பையன்களைப் பார்த்து அவர் சத்தம் போடுவதுண்டு. "பெருசு, எங்களுக்கு நீச்சல் தெரியும்" என்பார்களாம். "எனக்குந்தான் தெரியும்" என்றார் என்னிடம்.

வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு பக்கம் வாழையும் கொடிக்காலும் கண்ணை நிறைத்தன. மறு பக்கம், பத்தடி மேலே, வேலாமரமும் பனையும் நிற்கிற காடு. நடுவில் தாண்டிக் குதிக்கிற அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு வாய்க்கால். ஒரு காலத்தில் வாய்க்காலுக்கு மேலே இருக்கிற வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களாம். ஆனால் மேலேயும் கொஞ்ச தூரத்துக்குத் தோட்டங்கள் இருந்தன, கிணறுகள் இருந்தன. அவருடைய கிணறும் அதில் ஒன்று. கீழே கொடிக்கால், மேலே கிணற்றுத் தோட்டம். எட்டிப் பார்த்தேன். நல்ல கோடையிலும் தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி நின்றது.

"வாய்க்கால்ல தண்ணி போனா இதுல ஊறும். தூர் வாரறதுக்கு வாய்க்காலை அடைச்சாங்கன்னா நாளைஞ்சு நாள்ல எறங்கிரும்" என்றார்.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இஞ்சினீயரின் கணக்குப் புத்தகத்தில் வாய்க்காலிலிருந்து இப்படி மண்ணுக்குள் போகிற தண்ணீருக்குக் 'கசிவு நஷ்டம்' என்று பெயர். தலைப்பில் இவ்வளவு விட்டோம், கடைமடையில் இவ்வளவுதான் சேர்ந்தது, மீதி நஷ்டம். நஷ்டத்தை நிறுத்த வழி, மண் கரைக்குச் சிமெண்டுக் காங்கிரீட் போடுவது. ஆற்றுக்கு அக்கரையில் இதற்காகப் பெரிய போராட்டமே நடந்தது. பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தது. அதிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் நீளம். பாசனம் 2 லட்சம் ஏக்கருக்கு மேல். அதற்குச் சுமார் 710 கோடி ரூபாயில் சீரமைப்பு என்று திட்டம் வந்தபோது விவசாயிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சிமெண்டுப் போட்டால் கிணறும் ஆழ்குழாயும் செத்துப் போகும், கசிவை நம்பியிருக்கிற குளம் குட்டை வற்றும் என்றது ஒரு கட்சி. போடாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீரே வராது என்றது மறு கட்சி. உண்ணாவிரதம், மறியல், கோர்ட்டு எல்லாம் ஆயிற்று.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலுள்ள சங்கடம். நஷ்டம் என்று புத்தகத்தில் எழுதிய அதே தண்ணீர், ஐம்பதடி தள்ளி ஒருவன் கிணற்றில் வரவாக ஏறுகிறது. புத்தகத்தில் அந்த வரவுக்குப் பத்தி இல்லை. அவன் கிணற்றில் ஏறுகிற தண்ணீர், கடைசி மதகில் காத்துக்கொண்டிருக்கிற இன்னொருவன் கணக்கில் பற்று. கிணற்றுக்காரனின் அனுபவத்தில் அந்த இன்னொருவனுக்கு இடம் இல்லை. நிலத்தோடு பழகியவன் சொல்வதெல்லாம் ஞானம், சர்க்கார் புத்தகம் சொல்வதெல்லாம் அறியாமை என்று எழுதிவிடுவது எங்களைப் போன்ற கதைக்காரர்களுக்குச் சுலபம். படிக்கிறவர்களுக்கும் இனிக்கும். வாய்க்காலின் தலைப்பில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ராஜவாய்க்காலுக்கும் சிமெண்டு பேச்சு உண்டுதானே? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் வேண்டாம்ங்கறேன். எங்க மாப்பிள்ளை வேணும்ங்கறார்" என்றார்.

அவர் மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது மோகனூர்ப் பக்கத்தில். மோகனூர் கீழே வெகு தூரத்தில் இருக்கிறது. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர். அங்கே மாப்பிள்ளைக்கு இரண்டு ஏக்கர் வாழை. கோடையில் முறை வைத்து விடுகிற தண்ணீர், மேலே இருக்கிறவர்கள் எடுத்தது போக, மண் குடித்தது போக, அவர் வயலுக்கு வந்து சேர்வதற்குள் முறை முடிந்துவிடும். ஒரு வருஷம் குலை தள்ளிய வாழை காய்ந்து மடிந்து விழுந்ததாம். தீபாவளிக்கு வந்தபோது மாப்பிள்ளை இந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தார்; பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

"அவரு ஒண்ணும் சொல்லலைங்க. மருவாதி தெரிஞ்சவரு. ஆனா மகதான் சாப்பாடு போடறப்ப கேட்டுப்போட்டா. 'ஏனுங்கய்யா, நம்ம கெணத்துல நிக்கறது எங்க தண்ணியா?'ன்னு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"என்னத்தைச் சொல்றது? சாப்புட்டேன்."

வெயில் தாழ்ந்துவிட்டது. அணையில் குளித்தவர்கள் கரையேறித் தலை துவட்டிக் கொண்டிருந்தார்கள். மீன் கடைகளில் விளக்குப் போட்டாயிற்று. பொதுப்பணித்துறை லஸ்கர் ஒருவர் சைக்கிளில் வந்து மதகின் திருகைக் கொஞ்சம் சுற்றிவிட்டு, பெரியவரிடம் ஏதோ நலம் விசாரித்துவிட்டுப் போனார். பெரியவர் மெதுவாகக் குனிந்து வாய்க்கால் தண்ணீரில் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். ஓடுகிற வேகம் கையில் தெரியும் என்று எனக்குப் பிறகு சொன்னார்.

"நாலு விரக்கடை ஏத்தியிருக்கான். இப்ப உட்டா நாளைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும்" என்றார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. கையை உதறித் துண்டில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட ஆரம்பித்தார்.